கசியானோ வீசிய ஊசி

அத்தியாயம் 9

ஃபெர்மின் தொலைக்காட்சியில் இன்சுலின் ஊசியைத் தரையில் வீசி உடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வீசியது ஃபெர்மின் இல்லை, கசியானோ என்று சொன்னால் மெக்ஸிகோ நகரத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'சாந்தா லூசியா தெரு' தொடரில் கசியானோ ஒரு ரொட்டிக் கடைக்காரன். சர்க்கரை நோய்க்காரன். மனைவி நீட்டிய மருந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எங்கப்பனைக் குருடாக்கினது இந்த ஊசிதான்டி! என்னையும் குருடாக்கப் பாக்கறியா?" என்று அவன் உடைந்து அழுதபோது ஊரே சேர்ந்து அழுதது. இருபது வருடத்துக்கு மேல் வில்லனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றே காலம் தள்ளிய ஒரு நடிகன், அந்த ஒரு காட்சியில் எல்லோர் வீட்டு மனிதனாகிவிட்டான்.

அந்தத் தொடர் சும்மா எடுக்கப்பட்டதில்லை. சர்க்கரை நோயைப் பற்றி ஜனங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்றே எடுக்கப்பட்டது. கசியானோ முதலில் முரண்டு பிடிப்பான். பிறகு அடிபடுவான். கடைசியில் திருந்துவான். அவனோடு சேர்ந்து பார்க்கிறவர்களும் திருந்துவார்கள். கதை எழுதும் டெல்ஃபினா போட்ட கணக்கு அது.

கசியானோ திருந்துவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் நயேலி போன் செய்தாள். "அம்மா சரியில்ல மாமா. ஒரு நடை வந்துட்டுப் போங்க." படப்பிடிப்பு என்று சொல்லி ஃபெர்மின் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நயேலியே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு. நீலச் சீருடையோடு வந்திருந்தாள். ஃபெர்மின் ரொட்டிக் கடை ஏப்ரனோடும், கையில் ஒப்பனைக்காரர்கள் பூசிய மாவோடும் இறங்கி வந்தான்.

"என்னடி, உள்ள வந்திருக்கலாம்ல?"

அவள் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். எல்லாம் மூடி திறக்காதவை.

"ஃபிரிட்ஜ்ல காய்கறி டப்பாவுக்குள்ள, சமையலுக்கு நறுக்கி வச்ச கள்ளித் துண்டுக்கு அடியில இருந்துச்சு. அம்மாவோட இன்சுலின்."

"போட்டுக்கலையா? எப்பலேருந்து?"

"நீங்க உடைச்ச அன்னிலேருந்து."

ஃபெர்மின் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"விளையாடாத நயேலி. உங்கம்மா என்ன சின்னக் குழந்தையா? அது வசனம்னு தெரியாதா அவளுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என் தம்பி முகத்த எனக்குத் தெரியும். அவன் அன்னிக்குப் பொய் சொல்லல'ங்கறா."

"அது நடிப்புடி!"

"என்கிட்ட எதுக்குக் கத்தறீங்க? அவகிட்ட வந்து கத்துங்க."

டெல்ஃபினா மாடியில், ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஃபெர்மின் பையை அவள் எழுதிக்கொண்டிருந்த தாள்களின் மேலேயே வைத்தான். விஷயத்தைச் சொன்னான்.



"கசியானோ சீக்கிரம் மாறணும், டெல்ஃபினா. இந்த வாரமே."

"இந்த வாரம் மாறினா யாரு நம்புவா? நேத்து வரைக்கும் ஊசியத் தூக்கி எறிஞ்சவன் இன்னிக்குச் சட்டையத் தூக்கிட்டுப் போட்டுக்கிட்டான்னா, 'இது சர்க்கார் விளம்பரம்'னு சேனல மாத்திடுவாங்க. பயம் மெல்லத்தான் போகும் ஃபெர்மின். அவன் பயந்தாத்தான், பயப்படறவங்க அவனோட நடந்து வருவாங்க."

"எங்கக்கா நடந்து வரல. உக்காந்துட்டா."

"சுகாதாரத் துறையிலேருந்து நேத்து போன் வந்துச்சு. ரத்தம் பாக்க வர்ற கூட்டம் தெரு வரைக்கும் நிக்குதாம். நம்ம தொடரப் பாத்துட்டு வந்தவங்க. அதையும் நினைச்சுப் பாருங்க."

அது உண்மை என்று ஃபெர்மினுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது.

"எங்கப்பா கதைய நான் உங்ககிட்ட சொன்னேன். ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கிட்டே, பேச்சுவாக்குல. நீங்க அதை எடுத்து என் வாயிலேயே திருப்பிப் போட்டீங்க."

"அதனாலதான் அது எடுபட்டுச்சு."

"ஆமா. எடுபட்டுச்சு. பாருங்க." அவன் பையைத் தட்டிக் காட்டினான்.

டெல்ஃபினா ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். "மேல பேசிப் பாக்கறேன். வாக்கு குடுக்க முடியாது. நீங்க எங்க போறீங்க? அடுத்த காட்சி உங்களோடது!"

அவன் படியில் பாதி இறங்கியிருந்தான்.

அக்கா அம்பாரோவின் கடை போர்த்தாலேஸ் சந்தைக்குள், பூக்கடைகளைத் தாண்டி இருந்தது. சோள அடைக்குள் பாலாடைக்கட்டியும் பூசணிப் பூவும் வைத்து மடித்துச் சுட்டுத் தருவாள். கணவன் போன பிறகு நயேலியைப் படிக்கவைத்தது அந்த இரும்புக் கல்தான்.

ஏப்ரனைக் கழற்ற ஃபெர்மினுக்குத் தோன்றவில்லை. நயேலியோடு சந்தைக்குள் நுழைந்ததுமே அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கசியானோ! ரொட்டி எங்கய்யா?"

"உன் பொண்டாட்டிய அழவைக்காதடா பாவி, அவ தங்கம்!"

கறிக்கடைக்கு முன்னால் ஒரு பெண் அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும். எங்க வீட்டுக்காரரு ஊசிக்குப் பயந்து செத்துக்கிட்டு இருந்தாரு. உங்களப் பாத்ததும் தைரியமா வேண்டாம்னுட்டாரு. இப்ப நிம்மதியாத் தூங்கறாரு."

ஃபெர்மின் அவளைத் தடுத்தான். "அம்மா, அது தப்பு. அவர டாக்டர்கிட்ட..."

"தெரியுமே, நீங்களும் கசியானோ மாதிரியே மனசுக்குள்ள தங்கமான ஆளு," என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்தோடு போய்விட்டாள். அவன் பின்னால் ஓடினான். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று தெரியவில்லை.

நயேலி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மாமா. முதல்ல நம்ம வீட்டப் பாப்போம்."

அம்பாரோ கல்லின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நின்றுகொண்டே சுடுகிறவள். இடது காலில் செருப்பு இல்லை. துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில், அதற்குப் பக்கத்தில் காலியான இன்னொன்று. முகம் சுருங்கி, கழுத்து எலும்பு தெரிந்தது.

"வா நடிகரே. ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா செவ்வாக்கிழமை வர்ற. உக்காரு, சாப்பிடு."

"கால்ல என்ன?"

"செருப்பு கடிச்சது."

"அம்மா, ரெண்டு வாரமா செருப்பு கடிக்குமா?" என்றாள் நயேலி.

"நீ வாய மூடு. மாமன்கிட்ட கோள் சொல்லப் போனவதானே?"

ஃபெர்மின் குனிந்து துணியைத் தொட்டான். அம்பாரோ காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் வாசனை வந்துவிட்டது. மாவு, எண்ணெய், பூசணிப் பூ எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. ஊசி யாரையும் குருடாக்காது. அப்பா வருஷக்கணக்கா போடாம விட்டாரு. கஷாயம் கஷாயம்னு குடிச்சாரு. கண்ணு உள்ளுக்குள்ளயே போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஊசி ஆரம்பிச்சாங்க. ஊசியால போகலக்கா, விட்டதால போச்சு."

"உனக்கு என்னடா தெரியும்? நீ அப்ப இங்க இருந்தியா? நாடகக் கம்பெனியோட குவாதலஹாராவுல ஆடிக்கிட்டு இருந்த."

"டாக்டருங்க சொல்றாங்க."

"டாக்டருங்க சொன்னாங்க. டிவில நீ சொன்ன. நான் உன் கண்ணப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டுல எது நிஜம்னு எனக்குத் தெரியாதா?"

"அது கசியானோ!"

"அப்பாவுக்காக அழுதது கசியானோவா?"



கல்லில் இருந்த அடை கருகத் தொடங்கியது. அதைத் திருப்ப அம்பாரோ எழுந்தாள். எழுந்தவள் கல்லின் விளிம்பைப் பிடிக்கப் போனாள். நயேலி பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள், இல்லாவிட்டால் உள்ளங்கை வெந்திருக்கும். அம்பாரோ அப்படியே மகள் மேல் சாய்ந்து, ஒருமுறை வாந்தியெடுத்து, கண் செருகிச் சரிந்தாள்.

"கசியானோ! என்னாச்சு கசியானோ!" என்று சந்தையே கூடியது. தன் பெயர் அது இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வெளியே நிறுத்திவைத்தார்கள்.

பிறகு ஓர் இளம் டாக்டர் வந்தாள். தூக்கம் இல்லாத கண். ஃபெர்மினை அடையாளம் தெரிந்தும் தெரியாததுபோலப் பேசினாள்.

"சர்க்கரை இப்பதான் மெல்ல இறங்குது. உயிருக்கு இன்னிக்கு ஆபத்து இல்ல. கால்தான் பிரச்சினை. ரெண்டு விரல் கறுத்துடுச்சு. காலைல எடுத்துடணும். தள்ளிப்போட்டா பாதம் போகும், அதுக்கப்புறம் எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. அவங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. ஊசி எதுக்குப் போட்டீங்கன்னு நர்ஸ்கிட்ட சண்டை."

நயேலி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஃபெர்மின் அவள் தோளில் கை வைக்கப் போனான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"மாமா, உங்க மேல கோபப்படக் கூடாதுன்னு காலைலேருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். என்னால முடியல."

அந்த நேரம் பார்த்து டெல்ஃபினாவின் போன் வந்தது.

"ஒத்துக்கிட்டாங்க," என்றாள் அவள், எடுத்த எடுப்பிலேயே. "நடுவுல இருக்கற கதையெல்லாம் தூக்கிட்டேன். நாளைக்குக் காலைல கசியானோ ஊசி போட்டுக்கற காட்சி. வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. அன்னிக்கு வீசினப்ப எப்படி நம்பவச்சீங்களோ, அதே மாதிரி நம்பவைக்கணும் ஃபெர்மின். அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்கா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

பொது வார்டில் கடைசிக் கட்டில். அம்பாரோவின் கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் சம்மதத் தாளும் பேனாவும் அப்படியே இருந்தன. ஃபெர்மின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நயேலி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"கசியானோ திருந்தப் போறான்க்கா. நாளைக்கு எடுக்கறாங்க. ஊசி போட்டுக்கப் போறான்."

"எழுதிக் குடுத்தாத் திருந்துவான். அதுல என்ன?" அவள் குரல் உலர்ந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பாவுக்கு யாரு ஊசி போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"நர்ஸ் வந்துட்டுப் போவாங்கன்னு அம்மா சொன்னா."

"நர்ஸுக்கு ஏது வழி நம்ம வீட்டுல? நான்தான் போட்டேன். கிளினிக்குல ஒரு ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திச் சொல்லிக்குடுத்தாங்க. தினமும் ரெண்டு வேளை. அவரு கெஞ்சுவாரு, 'வேண்டாம்மா, கண்ணு மங்குது'ம்பாரு. நான் அதட்டிப் போடுவேன். கிறிஸ்துமஸ் வந்தப்ப குடில்ல வச்ச குழந்தை ஏசுவத் தடவிப் பாத்துக் கும்பிட்டாரு. இத்தனை வருஷமா அத யாருகிட்டயும் பேசினதில்ல நான்."

ஃபெர்மின் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் அருகில் இழுத்தான்.

"நீ டிவில அழுதுக்கிட்டே சொன்ன பாரு, எங்கப்பனக் குருடாக்கினது இந்த ஊசின்னு. எனக்கு வேற ஒண்ணுமே கேக்கல. இவனுக்கும் தெரியும், இவ்வளவு நாளா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கான்னு நினைச்சேன். அப்புறம் அந்த மருந்த எப்படிடா நான் என் உடம்புல ஏத்துவேன்?"

"அம்மா..." என்றாள் நயேலி.

"உன்ன நினைச்சுச் சொல்லலக்கா. சத்தியமா. நீ போட்டேன்னே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"அந்த வசனத்தப் பேசியிருக்க மாட்டேன்."

அம்பாரோ முதல் முறையாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் குரல் பழைய அக்காவின் குரலாக மாறியது.

"அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கு இருக்கு. உனக்கு?"

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ரத்தம் பாத்திருக்கியா?"

"நேரம் ஏது?"

"ஊருக்கெல்லாம் ரத்தம் பாக்கச் சொல்ற தொடர்ல நடிக்கற, உனக்குப் பாத்துக்க நேரமில்ல! நர்ஸம்மா! இங்க வாங்க. எங்கிட்ட சண்டை போட்டீங்கல்ல, இவன் விரலக் குத்துங்க."

நர்ஸ் ஒரு பருத்த, சிரித்த முகக்காரி. "கசியானோவுக்கா? குத்திட்டாப் போச்சு," என்று கருவியை எடுத்துவந்தாள். ஃபெர்மின் கையை நீட்டினான். எறும்பு கடித்ததுபோல ஒரு குத்து. ஒரு பொட்டு ரத்தம்.

நர்ஸின் சிரிப்பு போய்விட்டது.

"கையில ஏதாவது ஒட்டியிருக்கா சார்? மாவு, சர்க்கரை?"

கழுவிவிட்டு வரச் சொன்னாள். அடுத்த விரலில் குத்தினாள். மறுபடியும் அதே கணக்குத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு.

அம்பாரோ கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சொட்டு மருந்துக் குழாய் ஆடியது. "மிஷின் தப்பு. வேற மிஷின் கொண்டுவாங்க."

"மிஷின் சரியாத்தான் இருக்கும்மா. டாக்டரக் கூப்பிடறேன்."

டாக்டர் வந்தாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அடிக்கடி தாகம் எடுக்கிறதா, எடை குறைந்ததா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள். படப்பிடிப்பு வெயில், வேலைச் சுமை என்று இத்தனை நாளும் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு முழுசாப் பரிசோதனை பண்ணிடலாம். அப்புறம் மாத்திரை போதுமான்னு பாக்கலாம். இப்ப இறக்கறதுக்குக் கொஞ்சம் இன்சுலின் போட்டுடறேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஃபெர்மினின் கை தானாகப் பின்னால் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. கண் இருட்டிக்கொண்டு வருவதுபோல, அப்பா சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வருவதுபோல இருந்தது. டாக்டர்கள் சொன்னதையெல்லாம் காலையில் அக்காவிடம் ஒப்பித்தவனுக்கு, அதில் ஒரு வார்த்தைகூடத் தன் உடம்புக்குள் இறங்கியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று கேமரா முன்னால் அவன் நடிக்கவே இல்லை.

அம்பாரோ அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

"நீயும் நம்பறியாடா?" என்றாள் மெதுவாக.

அவன் தலை குனிந்தான். "பயமா இருக்குக்கா."

வார்டில் யாரோ இருமினார்கள். நர்ஸ் தட்டில் ஊசியோடு வந்து நின்றாள். காலையில் கேமரா முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், சந்தையில் கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணின் கணவனும் அதைப் பார்ப்பான் என்ற நினைப்பு ஃபெர்மினுக்கு வந்தது. அது அவனுக்குத் தைரியம் தரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவளின் கைதான் கண்ணில் பட்டது. எண்ணெய் தெறித்துத் தெறித்துத் தழும்பேறிய கை.

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான்.

"நர்ஸ் வேண்டாம். நீ போடுக்கா."

"என்னடா உளர்ற?"

"நீதான் போடணும். உனக்குத் தெரியும்ல."

"இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதான்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். மேஜையில் கையெழுத்து இல்லாமல் கிடந்த தாளைப் பார்த்தாள். "அளவு நான் ஏத்தித் தர்றேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க," என்று நர்ஸிடம் சொன்னாள்.

நயேலி வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டாள். அம்பாரோ ஊசியை வாங்கினாள். பஞ்சால் துடைத்தாள், தம்பியின் மேல்கைத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்தாள். அந்த விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஊசி முனை தோலுக்கு மேலே நின்றது.

ஃபெர்மின் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மூடாத," என்றாள் அம்பாரோ. "கண்ணத் திறந்து என்னையே பாரு."